மும்முனை மோட்டாரின் திசைமாற்றம்

ஓட்டப்பிடாரத்துக் கரிசற்காட்டுக் கிணற்றில் மோட்டார் எதிர்த்திசையிற் சுழலின், நீர் கிணற்றுக்கே திரும்புமென எண்ணுவோர் பலர். அங்ஙனமன்று. மையவிலக்குப் பம்பு அப்போதும் நீரை முன்னோக்கியே தள்ளும். ஆயின் மிகக் குறைவாகத் தள்ளும். பம்பு பழுதென்று மயங்கி, குடியானவர் வீண்செலவு செய்தலுங் கூடும், பயிரோ காத்திராது.

மூன்று கம்பிகளிலும் மின்னோட்டம் ஒருங்கே உச்சமடைவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாய், சுற்றின் மூன்றிலொரு பங்கு பிந்தி அடைகின்றது. அவ்வரிசையே காந்தப்புலத்தைச் சுழற்ற, ரோட்டர் அதனைப் பின்தொடர்கின்றது. ஆதலின் யாதேனும் இரு கம்பிகளை இடம் மாற்றினால் திசை மாறும். மூன்றையும் வட்டமாக நகர்த்துவோமாயின், சிவப்பு-மஞ்சள்-நீலம் என்பது மஞ்சள்-நீலம்-சிவப்பு ஆகுமேயன்றி வரிசை மாறாது. மாணவர் இடறுமிடம் இதுவே.

மின்சாரத்தை அறவே நிறுத்திய பின்னரே கம்பியைத் தொடுவோமாக. பின்னர் ஒரு கணம் ஓட்டி, பம்பின் அம்புக்குறியோடு ஒப்பிடுவோம். கம்பத்திலேயே இரு கம்பிகள் மாறிப் பூட்டப்படின், அவ்வழி மும்முனை மோட்டார்கள் யாவும் ஒருங்கே திசைமாறும்.