புதுக் கட்டடம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் லைப்ரரி கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு 2007-இல் கட்டி முடிக்கப்பட்டது. 2015 ஜூன் 16-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அதன் பால்கனி ஒன்று ஒடிந்து சரிந்தது. ஆறு பேர் இறந்தார்கள், ஏழு பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலோர் கோடை விடுமுறை வேலைக்கு வந்திருந்த அயர்லாந்து மாணவர்கள். பால்கனிக்குள் அடைபட்ட தண்ணீர், அதைத் தாங்கிய மரச் சட்டங்களை உளுக்கவைத்திருந்தது என்று மாவட்ட அரசு வழக்கறிஞரின் விசாரணை கண்டறிந்தது. கட்டடத்தின் வயது வெறும் எட்டு.

இதன் விளைவாக, மரம் தாங்கும் பால்கனி போன்றவற்றைக் குறித்த காலத்தில் பரிசோதிக்கச் சொல்லும் இரண்டு மாநிலச் சட்டங்கள் வந்தன: வாடகைக் குடியிருப்புகளுக்கு 2018-இல் எஸ்பி 721, வீடுகள் தனித்தனி உரிமையாளர்களுக்குச் சொந்தமான காண்டோக்களுக்கு 2019-இல் எஸ்பி 326. நீங்கள் அங்கே சிவில் இன்ஜினியராகவோ, குடியிருப்பு மேலாளராகவோ, உங்கள் காண்டோவின் எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) போர்டில் உறுப்பினராகவோ இருந்தால் இந்தப் பரிசோதனை வேலை ஒருநாள் உங்கள் மேசைக்கு வரும். புதுக் கட்டடத்தில் முதல் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அதைக் கெடு முடியும் வரை தள்ளிப்போடுவது பணத்தை இழக்கும் வழி.

உங்கள் கட்டடம் இதில் வருமா?

மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரே கட்டடத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ளனவா? வெளிச்சுவரைத் தாண்டி நீளும் பால்கனி, டெக், மாடிப்படி, நடைபாதை ஏதாவது தரையிலிருந்து ஆறு அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறதா? அதன் பாரத்தை முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ மரம் தாங்குகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் சட்டம் பொருந்தும். காண்டோவில் அந்தப் பகுதியைப் பராமரிக்கும் பொறுப்பு எச்ஓஏவிடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முழுக்க கான்கிரீட்டிலும் எஃகிலும் நிற்கும் பால்கனி இந்தச் சட்டங்களுக்கு வெளியே. இதை வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மேலே சிமென்ட் பூச்சு இருந்தால் உள்ளே மரம் இல்லை என்று பொருளல்ல.

கெடு எந்த நாளிலிருந்து?

பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பார்க்க வேண்டியவை இரண்டு தேதிகள். முதலாவது, கட்டட பெர்மிட்டுக்கு விண்ணப்பித்த நாள். வாடகைக் குடியிருப்பென்றால் 2019 ஜனவரி 1, காண்டோவென்றால் 2020 ஜனவரி 1. அன்றோ அதன் பிறகோ விண்ணப்பித்திருந்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது புதுக் கட்டடம். இரண்டாவது, குடிபுக அனுமதிக்கும் சான்றிதழ் வழங்கப்பட்ட நாள். அதிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.

வாடகைக் குடியிருப்புக்கு 2018-இல் விண்ணப்பித்து 2021-இல் குடிபுகுந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயிண்ட் வாசம் போகாவிட்டாலும் அது பழைய கட்டடக் கணக்குதான். பழைய வாடகைக் கட்டடங்களுக்கு 2026 ஜனவரி 1, காண்டோக்களுக்கு 2025 ஜனவரி 1 என்று கெடு தனி. முதல் பரிசோதனைக்குப் பிறகு வாடகைக் குடியிருப்பில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, காண்டோவில் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும்.

இப்போது இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கட்டுமானக் குறைகளுக்காகக் கட்டியவர் மீது வழக்குப் போட, கலிஃபோர்னியா சட்டத்தில் கட்டி முடித்ததிலிருந்து பத்தாண்டுதான் வெளி எல்லை. ஆறாம் ஆண்டில் முதல் பரிசோதனை செய்தால், அடுத்தது வாடகைக் குடியிருப்பில் பன்னிரண்டாம் ஆண்டு, காண்டோவில் பதினைந்தாம் ஆண்டு. கட்டியவரைப் பொறுப்பேற்கச் சொல்லக்கூடிய காலத்துக்குள் விழுவது முதல் பரிசோதனை ஒன்றுதான். சில வகைக் குறைகளுக்குக் காலம் இன்னும் குறைவு. ஆகவே நான்காம், ஐந்தாம் ஆண்டிலேயே ஆளை அழையுங்கள். குறை தென்பட்டால் உடனே வழக்கறிஞரையும் கலந்துகொள்ளுங்கள்.

யார் பார்க்கலாம்?

வாடகைக் குடியிருப்பில் வட்டம் பெரிது: உரிமம் பெற்ற ஆர்க்கிடெக்ட், சிவில் அல்லது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஏ, பி, சி-5 உரிமங்களில் ஒன்றுடன் பலமாடி மரக் கட்டடங்கள் கட்டுவதில் ஐந்தாண்டு அனுபவம் உள்ள கான்ட்ராக்டர், அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் சான்று பெற்ற கட்டட ஆய்வாளர். காண்டோவில் முதலில் ஆர்க்கிடெக்டும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் மட்டுமே பார்க்கலாம் என்றிருந்தது. ஏபி 2114 என்ற திருத்தம் பிறகு சிவில் இன்ஜினியர்களுக்கும் கதவைத் திறந்தது. அங்கே குடியேறிய நம் ஊர் சிவில் பட்டதாரிகளுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் பட்டம் மட்டும் போதாது, மாநில உரிமம் கையில் இருக்க வேண்டும். காண்டோ அறிக்கையில் உங்கள் கையெழுத்தோ முத்திரையோ இருக்கும்.

ஆள் தேடுபவர்களுக்கு ஒரு யோசனை: பார்ப்பவரும் பழுது பார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும்.

எத்தனை பார்க்க வேண்டும்?

வாடகைக் குடியிருப்பில் ஒவ்வொரு வகையிலும் குறைந்தது 15 சதவீதம். 40 பால்கனி இருந்தால் ஆறு. நடைபாதையும் படியும் இருந்தால் அவற்றுக்குத் தனிக் கணக்கு. காண்டோவில் 95 சதவீத நம்பகத்தன்மை, கூடக்குறைய 5 சதவீதப் பிழை என்று புள்ளியியல் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கறாராகக் கணக்கிட்டால் 100 பால்கனியில் சுமார் 80 பார்க்க நேரும். பரிசோதகர் முதலில் எல்லா இடங்களையும் சேர்த்து, குலுக்கல் முறையில் ஒரு பட்டியல் போட வேண்டும். பிறகு அந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். திறக்கச் சிரமமான வீட்டை விட்டுவிட்டு எளிதானதைச் சேர்க்கக் கூடாது. எச்ஓஏ அந்தப் பட்டியலைப் பத்திரப்படுத்தி வைத்தால் அடுத்த சுற்றுக்கு உதவும்.

கட்டும்போதே கோப்பைத் தொடங்குங்கள்

பால்கனியின் உயிர்நாடி, தரைக்கு அடியில் இருக்கும் ஈரத்தடுப்புப் படலம். அதன் மேல் கான்கிரீட்டோ டைல்ஸோ போட்டுவிட்டால் பிறகு பார்க்க முடியாது. அதனால் நகராட்சி ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தரும் முன் அதை மூடக் கூடாது என்று கட்டட விதி சொல்கிறது. அந்த நாளில் சைட்டில் இருப்பவர் நீங்களானால் படம் எடுத்து வையுங்கள்: சுவரும் தளமும் சேரும் மூலை, கதவடி, கைப்பிடிக் கம்பியின் கால்கள் பதியும் இடம், தண்ணீர் வழிந்தோட விட்ட வாட்டம், அடியில் காற்றோட்டத் துளைகள். மரம் மழையில் நனைந்திருந்தால் காயவைத்த பிறகே மூடச் சொல்லுங்கள். ஐந்தாண்டு கழித்து வரும் பரிசோதகருக்கு இந்தப் படங்களைவிடப் பெரிய உதவி இல்லை.

நேரில் பார்க்கும்போது

மழைக்குப் பின் குளம்போல் தேங்கும் தண்ணீர், சுவர்ச் சேர்க்கையில் விரிசல், அடிப்பூச்சில் பழுப்புக் கறை, துரு வழிந்த தடம், மிதித்தால் அமுங்கும் தரை, ஆடும் கைப்பிடி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடித்து அடைத்துவிட்ட காற்றுத் துளையும், மாதக்கணக்கில் நகராமல் நிற்கும் பூந்தொட்டியும் ஈரத்தைச் சிறைப்பிடிப்பவை. சந்தேகம் வந்தால் ஈரமானியும், சிறு துளை வழியே உள்ளே பார்க்கும் கேமராவும் இருக்கின்றன. தண்ணீர் உள்ளே புகுந்த அடையாளம் தெரிந்தால் மேலோட்டமாகப் பார்த்து முடித்துவிடக் கூடாது.

குறை கண்டால்

உடனடி ஆபத்து என்றால், பரிசோதகர் 15 நாளுக்குள் உள்ளூர் கட்டட அதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். குடியிருப்பவர்கள் அங்கே கால் வைக்காதபடி அன்றே தடுக்க வேண்டும். வாடகைக் குடியிருப்பில் அவசரமில்லாத பழுதென்றால், பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க 120 நாள், பெர்மிட் கிடைத்த பின் வேலையை முடிக்க 120 நாள். எச்சரித்தும் செய்யாத உரிமையாளருக்கு நாளொன்றுக்கு 100 முதல் 500 டாலர் வரை அபராதம் விழலாம். காண்டோவில் அறிக்கை உடனே போர்டுக்குப் போக வேண்டும். வருங்காலச் செலவுக்கான சேமநிதிக் கணக்கிலும் அது இடம்பெற வேண்டும். இதற்கு மேல் பெர்க்லி போன்ற நகரங்களுக்குத் தனி விதிகளும் உண்டு.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

பெர்மிட் விண்ணப்பத் தேதியையும் குடிபுகல் சான்றிதழின் தேதியையும் நகராட்சியிலிருந்து வாங்குங்கள். காலண்டரில் மூன்று நாள்களைக் குறியுங்கள்: நான்காம் ஆண்டு தொடக்கம், ஆறாண்டுக் கெடு, பத்தாண்டு எல்லை. கட்டியவரிடம் ஈரத்தடுப்பு வரைபடங்களையும் படங்களையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையும் கோப்பில் சேருங்கள்.