நெம்மேலித் தண்ணீர்: ஒரு கிலோலிட்டருக்கு யார் கட்டுறது?

ஈசிஆரில் வடநெம்மேலி முதலைப் பண்ணையைத் தாண்டி மாமல்லபுரம் பக்கம் போகும்போது, இடது பக்கம் கடலோரமா நீளமான ஒரு காம்பவுண்டு சுவர் வரும். நிறைய பேர் பஸ் ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க. அதுதான் நெம்மேலி கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். 2013 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு திறந்தாங்க. 2024 பிப்ரவரியில் அங்கேயே இன்னொரு 15 கோடி லிட்டர் ஆலை வந்தது. பக்கத்திலேயே பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினாங்க. மூன்றும் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக் கரையில்தான். தண்ணீர் போறது பெரும்பாலும் சென்னைக்கு.

குடிநீர்க் கட்டணம் ஏறும்போதெல்லாம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ரெண்டு கட்சி உருவாகும். "தனியாருக்குக் கொடுத்தா கொள்ளைதான்" ஒரு கட்சி. "அரசாங்கம் நடத்தினா எதுவுமே ஓடாது" இன்னொரு கட்சி. ரெண்டு பேருமே ஒரு கிலோலிட்டர் (அதாவது 1,000 லிட்டர்) தண்ணீருக்கு என்ன செலவாகுது, அந்தச் செலவு எந்த இடத்துல பிறக்குதுன்னு கணக்குப் போட்டுப் பார்க்கிறதில்லை. நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். போட்டுப் பார்க்கலாமே.

முதல்ல கரண்டு. கடல்நீர்ல ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. அதோட சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறக்குறைய 27 பார். அதை மீறி அழுத்தினால்தான் ஆர்ஓ மெம்ப்ரேன் வழியா நல்ல தண்ணீர் இந்தப் பக்கம் வரும். நடைமுறையில் 55 முதல் 65 பார் வரை பம்ப் பண்றாங்க. உள்ளே எடுக்கிற கடல்நீரில் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலா மட்டுமே குடிநீராகும். மீதி, உப்பு செறிஞ்ச கழிவுநீரா கடலுக்கே திரும்பிப் போகும். தெர்மோடைனமிக்ஸ் படி பாதித் தண்ணீரைப் பிரிச்செடுக்கக் குறைந்தபட்சம் ஒரு கிலோலிட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் தேவை. எவ்வளவு பெரிய கம்பெனி வந்தாலும் அதுக்குக் கீழே போக முடியாது. கழிவுநீரின் அழுத்தத்தைத் திருப்பிப் பிடிக்கிற கருவியெல்லாம் வச்ச பிறகும், நவீன ஆலைகளில் மொத்தச் செலவு 3 முதல் 4 யூனிட். யூனிட் 7 ரூபாய்னு வச்சுக்கிட்டா, கரண்டுக்கு மட்டும் கிலோலிட்டருக்கு 21 முதல் 28 ரூபாய். மெம்ப்ரேன் மாத்துறது, கெமிக்கல், ஆள் சம்பளம், கடலோரத்துலேர்ந்து வேளச்சேரி வரைக்கும் தள்ளுற பம்ப் எல்லாம் இதுக்கு மேல. இந்தப் பகுதியில் அரசா தனியாரா என்பது பெரிய வித்தியாசம் செய்யாது. பம்புக்கு முதலாளி யாருன்னு தெரியாது.

வித்தியாசம் வட்டியில்தான் வருது. இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பார்க்கணும், ஏன்னா விவாதத்துல இதை யாரும் தொடுறதே இல்லை.

நெம்மேலி இரண்டாவது ஆலையின் திட்ட மதிப்பு 1,516.82 கோடி ரூபாய். 15 கோடி லிட்டர்னா ஒரு நாளைக்கு 1.5 லட்சம் கிலோலிட்டர். வருஷம் முழுக்க ஓடினா 5.475 கோடி கிலோலிட்டர். இந்த முதலை 25 வருஷத்துல சம தவணையா அடைக்கிறோம்னு வச்சுக்குவோம். வீட்டுக் கடன் இஎம்ஐ போடுற அதே சூத்திரம்தான். இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் பேப்பர்ல வரும்.

வட்டி 2 சதவீதம்னா வருஷத் தவணை சுமார் 78 கோடி. கிலோலிட்டருக்கு 14 ரூபாய். 8 சதவீதம்னா 142 கோடி, 26 ரூபாய். முதலீட்டாளர் 14 சதவீத லாபம் எதிர்பார்த்தால் 221 கோடி, 40 ரூபாய். அதே பம்ப், அதே மெம்ப்ரேன், அதே கடல். பணம் எங்கிருந்து வந்தது என்கிறது மட்டும் மாறினதுக்கு, முதல் செலவின் பங்கு கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆகுது. (வரி, தேய்மானம், ஒப்பந்தத்தில் பராமரிப்பு எப்படிச் சேருதுங்கிறதெல்லாம் விட்டுட்டேன். மாதிரிக் கணக்குதான், ஆனா திசை மாறாது.)

உண்மையில் நடந்தது என்ன? சென்னைக்கு ரெண்டு வழியும் இருக்கு. வடக்கே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த 10 கோடி லிட்டர் ஆலை தனியார் கட்டி, சொந்தமா வச்சிருந்து, 25 வருஷம் நடத்தி, அப்புறம் ஒப்படைக்கிற ஒப்பந்தம். ஐவிஆர்சிஎல், ஸ்பெயினின் பெஃபேசா ரெண்டும் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம். மெட்ரோ வாட்டர் அவங்ககிட்ட மொத்த விலைக்குத் தண்ணீர் வாங்கும். ஆரம்ப விலை கிலோலிட்டருக்கு 48.66 ரூபாய். நெம்மேலி முதல் ஆலை அப்படி இல்லை. மத்திய அரசு மானியத்துல கட்டினது, சொத்து மெட்ரோ வாட்டருடையது. விஏ டெக் வாபாக் கட்டி, குறிப்பிட்ட வருஷங்கள் நடத்தித் தரணும். இரண்டாவது ஆலைக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடன், பேரூருக்கு ஜப்பானின் ஜைக்கா கடன். அதாவது நெம்மேலியிலும் பேரூரிலும் தனியார் ஒப்பந்தக்காரர், உரிமையாளர் இல்லை. "எல்லாத்தையும் வித்துட்டாங்க"ன்னு சொல்றவங்க இந்த வித்தியாசத்தைக் கவனிக்கணும். அதேசமயம், வெளிநாட்டுக் கடன் மலிவுன்னு கைதட்டுறவங்களும் ஒண்ணு கவனிக்கணும்: யென்னுக்கும் யூரோவுக்கும் எதிரா ரூபாய் சரிஞ்சா அந்த நஷ்டம் ஒப்பந்தக்காரர் தலையில் விழாது. நம்ம தலையில்தான்.

அடுத்த சிக்கல், மழை பெய்யுறது. சிரிக்காதீங்க. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு நகரமே குடத்தோட ரோட்டுல நின்னப்ப, மீஞ்சூரும் நெம்மேலியும்தான் கைகொடுத்தது. ஆனா செம்பரம்பாக்கமும் பூண்டியும் நிரம்பி வழியுற வருஷத்துல இவ்வளவு விலை கொடுத்துக் கடல்நீரைச் சுத்தம் பண்ணணுமா? ஆலையைப் பாதி வேகத்துல ஓட்டினா கரண்டு மிச்சம். ஆனா தவணை மிச்சமாகாது. மேலே சொன்ன 14 ரூபாய், பாதி உற்பத்தியில் 28 ஆகிடும்.

ஆஸ்திரேலியாவுல இது பெரிய பாடமா ஆச்சு. மெல்போர்னுக்காகக் கட்டின வொந்தாகி ஆலை 2012 கடைசியில் தயார். அதுக்குள்ள வறட்சி முடிஞ்சு மழை வந்தாச்சு. பல வருஷம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஆர்டர் பண்ணலை, ஆனா ஆலை தயாரா நிக்கிறதுக்கான கட்டணத்தை மக்கள் பில்லுல கட்டிக்கிட்டே இருந்தாங்க. சிட்னியும் தன் ஆலையை 2012-ல் 50 வருஷ குத்தகைக்குத் தனியாருக்குக் கொடுத்துச்சு. ஓடாத காலத்துலயும் அதுக்கான கட்டணம் பில்லுல இருந்தது. இது மோசடின்னு சொல்ல மாட்டேன். இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி. விபத்து நடக்கலைன்னு பிரீமியத்தைத் திருப்பிக் கேக்க முடியாது. ஆனா பிரீமியம் யார் கட்டணும்னு கேக்கலாம். வறட்சி வந்தா காப்பாத்தப்படுறது குழாய் இணைப்பு உள்ள வீடு மட்டுமில்லை. ஓஎம்ஆர் ஐடி கம்பெனி, ஹோட்டல், ரியல் எஸ்டேட் மதிப்பு எல்லாமே. அப்போ தயார்நிலைச் செலவை வீட்டுக் குழாயின் லிட்டர் கணக்குல ஏத்துறது நியாயமில்லைன்னு எனக்குத் தோணுது. அது சொத்து மதிப்பைப் பொறுத்த வரியில் வரணும்.

பணக்கார வாடிக்கையாளர் கட்டட்டும், ஏழை தப்பிக்கட்டும்ங்கிற யோசனையும் தமிழ்நாட்டுல செஞ்சு பார்த்தாச்சு. திருப்பூர். 1995-ல் ஆரம்பித்த நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன். மாநில அரசு, ஐஎல் அண்ட் எஃப்எஸ், ஏற்றுமதியாளர் சங்கம் எல்லாம் சேர்ந்தது. சுமார் 1,023 கோடி செலவில், நாளைக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீரை 50 கிலோமீட்டருக்கும் மேல குழாய் போட்டுக் கொண்டு வந்தாங்க. சாயப்பட்டறைகளுக்குக் கிலோலிட்டர் 45 ரூபாய், வீடுகளுக்கு 5 ரூபாய் அளவில். காகிதத்துல பிரமாதமான திட்டம். ஆனா பட்டறைகள் எதிர்பார்த்த அளவு வாங்கலை. 2011 ஜனவரியில், நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் திரும்பச் சுத்திகரிச்சுப் பயன்படுத்தணும்னு ஆனப்போ, வெளித் தண்ணீரின் தேவை இன்னும் குறைஞ்சது. 45 ரூபாய் கொடுத்தவன் போயிட்டா 5 ரூபாய்க் குழாயைத் தாங்குறது யார்? நிறுவனம் கடன் மறுசீரமைப்பு வரைக்கும் போச்சு. குறுக்கு மானியம் தப்புன்னு இதுக்கு அர்த்தமில்லை. ஒரே ஒரு தொழில் மேல மொத்தத்தையும் சாய்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

இங்கிலாந்துக் கதை ஒரு வரியில்: 1989-ல் தண்ணீர் நிறுவனங்களைக் கடன் இல்லாமல் தனியாருக்கு வித்தாங்க; அதுல ஒண்ணான தேம்ஸ் வாட்டர் லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய கடனில் தத்தளிக்குது, 2025 ஏப்ரலில் அங்கே சராசரி வீட்டு பில் ஒரே அடியா வருஷத்துக்கு 123 பவுண்டு ஏறிச்சு.

சரி, நம்ம ஊர் பில்லுக்கு வருவோம். சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டரே கிடையாது. சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதக் குடிநீர்–கழிவுநீர் வரி ஒரு பக்கம்; அதோட சேர்த்து மாதத்துக்கு நூறு ரூபாயை ஒட்டிய நிலையான கட்டணம். நாலு பேர் உள்ள வீடு, ஆளுக்கு 135 லிட்டர்னா மாதம் 16.2 கிலோலிட்டர். மீஞ்சூரின் அந்த 48.66 விலையில் போட்டா 788 ரூபாய். வித்தியாசத்தை யாரோ கட்டுறாங்க: மாநில பட்ஜெட், மெட்ரோ வாட்டரின் பற்றாக்குறை, அல்லது மாத்தப்படாத பழைய குழாய்.

இதைச் சொன்னா "அப்போ ஏழை மேல ஏத்தச் சொல்றியா"ன்னு கேப்பாங்க. இல்லை. ஏழை ஏற்கெனவே அதிகமா கட்டிக்கிட்டிருக்கான். குழாய் வராத தெருவில் 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் 1,800 ரூபாய்னா கிலோலிட்டர் 150. இருபது லிட்டர் கேன் 35 ரூபாய்னா கிலோலிட்டர் 1,750. நிலையான மலிவுக் கட்டணம் காப்பாத்துறது ஏழையை இல்லை, இணைப்பு இருக்கிறவனை. காரைத் தினமும் கழுவுற வீடும் ஒண்டுக் குடித்தனமும் ஒரே நூறு ரூபாய் கட்டுறதுல என்ன சமூக நீதி? மீட்டர் வச்சு, முதல் சில கிலோலிட்டரை ஏறக்குறைய இலவசமா விட்டு, அதுக்கு மேல படிப்படியா ஏத்தினா கரண்டுச் செலவு பயன்படுத்துறவங்ககிட்ட போகும். மின்சார வாரியம் நூறு யூனிட் விஷயத்துல இதைத்தானே செய்யுது.

மக்கள் கட்ட மாட்டாங்கன்னு முன்கூட்டியே முடிவு பண்றதும் சரியில்லை. நெம்மேலியின் புதிய ஆலைத் தண்ணீர் போய்ச் சேருற ஊர்களில் ஆலந்தூரும் ஒண்ணு. 1990களின் கடைசியில் ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டது. தெருத் தெருவா கூட்டம் போட்டு, கணக்கைக் காட்டிக் கேட்டாங்க. ஆயிரக்கணக்கான வீடுகள் குழாய் பதிக்கும் முன்னாடியே பணம் கட்டின. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்தினாங்க. தனியார்ங்கிறதுக்காக யாரும் அதை எதிர்த்து நிக்கலை. கணக்கு கையில் இருந்தது.

எந்தக் கணக்கிலும் இன்னும் வராத ஒரு வரி பாக்கி இருக்கு. நெம்மேலி ஆலையை ஒட்டினது சூலேரிக்காட்டுக்குப்பம். கட்டுமானம் ஆரம்பிச்சதிலிருந்து கரை அரிப்பு அதிகமாயிடுச்சு, படகு நிறுத்த மணல் இல்லை, கிணத்துத் தண்ணி உப்பாயிடுச்சுன்னு அந்த ஊர் மீனவர்கள் பல வருஷமா சொல்றாங்க, போராட்டமும் நடத்தினாங்க. கடலுக்குள்ள குழாய் போனா, கரையில் கல் கொட்டினா மணல் நகர்வு மாறும்ங்கிறது கோஸ்டல் இன்ஜினியரிங் முதல் பாடம், ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை. ஆச்சரியம் என்னன்னா, கிலோலிட்டர் விலையில் கரண்டுக்கு இடம் இருக்கு, வட்டிக்கு இடம் இருக்கு, கரைக்கு இடமில்லை. தண்ணீர் வேளச்சேரிக்கு, அரிப்பு குப்பத்துக்கு.

இடம் கொடுத்தா எவ்வளவு ஆகும்? நெம்மேலி ரெண்டு ஆலையும் பேரூரும் முழுத் திறனில் ஓடினா நாளைக்கு 6.5 லட்சம் கிலோலிட்டர். கிலோலிட்டருக்கு 50 பைசா, இந்தக் கரைக்குன்னு தனியா எடுத்து வச்சா நாளைக்கு 3.25 லட்சம் ரூபாய், வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 11.9 கோடி. மணல் கொட்டுறதுக்கு, வருஷா வருஷம் கரைக்கோட்டை அளக்கிறதுக்கு, குப்பத்துக்கே நல்ல தண்ணீர்க் குழாய் போடுறதுக்கு. சென்னையில் 16 கிலோலிட்டர் பயன்படுத்துற வீட்டுக்கு இது மாதம் 8 ரூபாய். நம்ம கேன்டீன்ல ஒரு டீ கூட வராது.