நோயின் மூலத்தை நாடுதல்

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்திலே, நோயை அறிந்தபின் அதன் காரணத்தையும் ஆராயுமாறு வைத்தியனுக்கு வழிகாட்டினார். உணவினால் வரும் நோயைப் பொறுத்தமட்டில் அவ்வாராய்ச்சி எத்துணை அரியது என்பதைத் தென்னாபிரிக்காவில் நிகழ்ந்ததொன்றைக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

2017, 2018 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டிலே லிஸ்தீரியா என்னும் பற்றீரியா ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் பிறந்து ஒரு மாதமும் நிரம்பாத சிசுக்கள். கர்ப்பிணி உண்ட உணவிலுள்ள இக்கிருமி கருவையும் சென்றடையவல்லது.

காரணங் காண்டல் எளிதாயிருக்கவில்லை. உண்டபின் நோய் தோன்றப் பல வாரங்கள் செல்லலாம். சென்ற மாதம் எதனை உண்டோமென நினைவுகூர வல்லார் யார்? மேலும், அங்கு இந்நோய் கட்டாயமாக அறிவிக்கப்படவேண்டிய நோய்களுட் சேர்க்கப்பட்டது 2017 டிசம்பரிலேயாம்.

2018 ஜனவரியில், சொவெற்றோவிலுள்ள குழந்தைகள் பராமரிப்பு நிலையமொன்றைச் சேர்ந்த சிறுவர் சிலர் காய்ச்சலோடும் வயிற்றோட்டத்தோடும் வைத்தியசாலையை அடைந்தனர். அதிகாரிகள் அந்நிலையத்துக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த 'பொலோனி' என்னும் பதனிட்ட இறைச்சியைச் சோதித்து, அதில் லிஸ்தீரியாவைக் கண்டனர். அச்சுவடு பொலொக்குவானே நகரத்துத் தொழிற்சாலையொன்றுக்கு இட்டுச்சென்றது. ஆங்கெடுத்த கிருமியின் டீ.என்.ஏ. அமைப்பும் நோயாளர் பெரும்பாலாரிடம் பெற்ற கிருமியின் அமைப்பும் ஒத்திருந்தன. மார்ச்சு 4 ஆந் திகதி சுகாதார அமைச்சர் நோயின் மூலத்தை நாட்டுக்கு அறிவித்தார்.

பொலோனி வேகவைத்துச் செய்யப்படும் உணவு. வெப்பத்தால் இக்கிருமி மடியும். அவ்வாறாயின் அது மீண்டும் புகுவதெங்ஙனம்? இத்தகைய தொழிற்சாலைகளில் வெட்டும் பொறியின் இடுக்குகளும், ஈரத் தளமும், வடிகாலும் லிஸ்தீரியாவுக்கு உறைவிடமாகலாம். அது தன்னைச் சுற்றி மெல்லிய படலமொன்றை அமைத்து, கழுவுநீருக்கும் கிருமிநாசினிக்கும் ஈடுகொடுத்து, ஆண்டுக்கணக்கில் நிலைபெறும். வெந்தபின் அவ்விடங்களைத் தீண்டும் உணவிலே தொற்றிக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகை செல்சியசிலும் அது பெருகும். ஆதலின் குளிர் முழுக்காவலாகாது. கண்ணுக்குத் துப்புரவாகத் தோன்றுவது யாவும் துப்புரவாகாது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் தலையாய உண்மை ஒன்றுண்டு. நோயாளரிடம் பெற்ற கிருமிகள் ஆய்வுகூடத்திற் பேணப்பட்டிராவிடின், தொழிற்சாலைக் கிருமியை எதனோடு ஒப்பிட்டிருப்பர்? நோயைப் பதிவதும், மாதிரிகளைப் பேணுவதும், உணவு கைமாறிய வழியைக் குறித்துவைப்பதும் வெறும் எழுத்துவேலையென எண்ணற்க. விஞ்ஞானமும் வைத்தியமும் பயிலப் புகும் எம் மாணவர் இதனை உளங்கொள்வாராக. ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு குறிப்பு பல உயிர்களைக் காக்கும்.