தண்ணீர் வடிகட்டி வாங்குமுன்

வீட்டுக் குழாய்நீரை நேரடியாகக் குடிக்கலாமா, வடிகட்டி வாங்க வேண்டுமா என்று பல மூத்தோர் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் நீர் உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டிக்கு ஏற்ப இருக்கிறது. அதை மேலும் வடிகட்டத் தேவையில்லை. சிலர் உணரும் லேசான மருந்து வாடை, வழியில் கிருமி வளராமல் இருக்க நீரில் விடப்படும் குளோரின் சார்ந்த கிருமிநாசினியால் வருவது. கொதிக்கவைத்துக் குடித்துப் பழகியவர்கள் அப்படியே தொடரலாம்; ஆறிய நீரை மூடி வையுங்கள்.

பழுப்பு நிறச் சோதனை

வீட்டுக்கு வரும் விற்பனையாளர் சிலர் இரண்டு குவளைகளில் உலோகக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார்கள். குழாய்நீர் பழுப்பாகிக் கசடு கட்டும். அவர்கள் கொண்டுவந்த நீர் தெளிவாகவே இருக்கும். பார்த்தால் பயம் வரும்தான். ஆனால் அந்தக் கசடு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, இரும்புக் கம்பி கரைந்து வந்தது. குழாய்நீரில் இயற்கையான தாதுக்கள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது; தாது நீக்கிய நீரில் அது அவ்வளவாகப் பாய்வதில்லை. அவர்களுடைய குவளையில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் அதுவும் பழுப்பாகும்.

பயந்துபோய் அன்றே கையெழுத்திடாதீர்கள். இவ்வாறு வீடு தேடி வந்து விற்கும் பொருளுக்கான ஒப்பந்தத்தை, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்கள் நீங்கலாக 5 நாள்களுக்குள் ரத்து செய்யச் சட்டம் பொதுவாக இடம் தருகிறது. ரத்து செய்வதை எழுத்தில் தெரிவியுங்கள்.

எந்த வகை?

வாடை பிடிக்காததால் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறீர்கள் என்றால், வடிகட்டி வாங்குவதில் நியாயம் உண்டு. வயதானால் தாக உணர்வு குறையும்; ருசியாக இருந்தால் கூடுதலாகக் குடிப்பீர்கள். (சிறுநீரக, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மீற வேண்டாம்.) அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய எளிய ஜக்கே போதும்.

புற ஊதா விளக்குள்ள கருவி கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் வாடையையோ உலோகத்தையோ நீக்காது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறைக் கருவி பெரும்பாலான தாதுக்களையும், பற்களைக் காக்க நம் நீரில் சேர்க்கப்படும் ஃபுளோரைடையும் சேர்த்தே அகற்றிவிடும். நீரில் ஒரு பகுதி வீணாக வெளியேறும். இங்கு சாதாரண வீட்டுக்கு இது அவசியமில்லை. புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கருவி வாங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

பராமரிப்பில்தான் ஆபத்து

கரி வடிகட்டி கிருமிநாசினியையும் நீக்கிவிடுகிறது. அதனால் காட்ரிட்ஜை மாற்றாமல் விட்டால் அதற்குள்ளேயே கிருமிகள் பெருகும். நல்ல தண்ணீரைக் காசு கொடுத்துக் கெடுத்ததாகிவிடும். கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றுங்கள், மாற்றிய தேதியைக் கருவியிலேயே எழுதி ஒட்டுங்கள். வடிகட்டிய நீரைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் குடித்து முடியுங்கள்.

கடையில் கருவியின் விலையோடு ஓராண்டுக் காட்ரிட்ஜ் செலவையும் கேளுங்கள். காட்ரிட்ஜை நீங்களே கழற்றிப் பாருங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து திருக வேண்டிய கருவி, முழங்கால் வலியோடு தனியாக வாழ்பவருக்கு ஒத்துவராது. 2 லிட்டர் ஜக் நிறைந்தால் 2 கிலோவுக்கு மேல் கனக்கும். சுடுநீர் தரும் கருவியில் பாதுகாப்புப் பூட்டு இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடல்லவா?

காலையில் குழாய்நீர் மஞ்சளாக வந்தால்

பழைய வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களில் இரவெல்லாம் நீர் தேங்குவதால் இப்படி ஆகலாம். தெளியும்வரை சில நிமிடம் திறந்துவிடுங்கள். அந்த நீரைச் செடிக்கு ஊற்றலாம். ஊருக்குப் போய்ச் சில வாரம் கழித்துத் திரும்பினாலும் இதையே செய்யுங்கள். அடிக்கடி நிறம் மாறினால், வடிகட்டி வாங்குவதைவிட உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரிடம் காட்டிக் குழாயை மாற்றுவதே சரியான தீர்வு. அண்டை வீடுகளிலும் அப்படியே வந்தால் நகர மன்றத்திடமோ பொதுப் பயனீட்டுக் கழகத்திடமோ உடனே தெரிவியுங்கள்.