மதிலும் வேரும்: அயலவர் அறிய வேண்டியவை



லயத்தில் இருந்தவரை நமக்கு மதில் பிரச்சினையே இல்லை. ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். 2015 ஆம் ஆண்டுக்குப் பிறகு பல தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்பின. காணி வந்தால் எல்லை வரும். எல்லை வந்தால் சண்டையும் எட்டிப் பார்க்கும். ஆகவே இந்தப் பாடம்.

தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனவர்கள் வழியில் மாம்புரியைக் கடந்திருப்பீர்கள். கடற்கரை மணல் பூமி. அத்தகைய ஊர்களில் வேலிக்குப் பூவரசங் கதியால் ஊன்றுவார்கள். கதியால் மரமாகும். பிறகு யாராவது அதன் பக்கத்திலேயே மதில் கட்டுவார். இப்படி ஒரு பேச்சை நினைத்துப் பாருங்கள்:

“அண்ணே, உங்கட மரம் என்ட மதிலப் பிளந்து போட்டுது.”

“மரம் முந்தியே நின்டது தம்பி. மதில்தானே பிறகு வந்தது!”

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிறகு எப்படித் தீர்ப்பது?

வேர் என்ன செய்கிறது?

தென்னை வேர் கயிறு போன்றது. வயது ஏறினாலும் பருக்காது. பூவரசு, வேம்பு, ஆல் போன்றவற்றின் வேர் ஆண்டுதோறும் பருக்கும். ஆழமில்லாத அத்திவாரத்தை மெல்லத் தூக்கிவிடும். ஆனால் எல்லா வெடிப்புக்கும் வேர் காரணமல்ல. மழைநீர் மண்ணை அரித்தாலும் மதில் இறங்கும். நம் மலைச்சரிவில் இது சாதாரணம். ஆகவே முதலில் வெடிப்புக்குக் கீழே சிறு குழி தோண்டி, இருவரும் சேர்ந்தே பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அயலவர் உறவில் இலங்கையில் உரோம-டச்சுச் சட்டம் செல்லுபடியாகும். நம் காணிக்குள் வந்த வேரை அகற்றும்படி முதலில் உரியவரிடம் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் எல்லைவரை நாமே வெட்டலாம். எல்லை தாண்டி ஒரு வெட்டும் கூடாது. இதே சட்டமுள்ள தென்னாபிரிக்காவில், மதிலைக் கெடுக்கிறது என்று அயல்வீட்டு மரத்தையே அகற்றக் கேட்ட ஒருவரின் கோரிக்கையை 2003 இல் நீதிமன்றம் மறுத்தது. மரத்தை அழிக்காமல் குறையைத் தீர்க்க வழி உண்டா என்றே அது பார்த்தது.

கவனம்! அடிமரத்தை ஒட்டிய பருத்த வேரை வெட்டினால் மரம் காற்றில் சாயும். மாம்புரியில் 2010 முதல் காற்றாலை சுழலும் அளவுக்குக் காற்று வீசுகிறது. நம் மலையில் மட்டும் குறைவா? பலா, ஈரப்பலா மரங்களை வெட்ட 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

வேர் குறுக்கிடும் இடத்தில் மதிலைத் திறந்து, வேருக்கு மேலே கொங்கிரீட் பீம் போட்டுக் கட்டலாம். செலவைப் பேசிப் பங்கிடலாம். பேச்சு முறிந்தால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது அது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம்.

மதிலை ஒரு வாரத்தில் திருப்பிக் கட்டலாம். இராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வருகிற அயலவரை அப்படிக் கட்ட முடியுமா?

சிந்திக்க:

1. உங்கள் எல்லையருகே என்ன மரம் நிற்கிறது? அதன் வேர் பருக்குமா?

2. புதிய கன்று நடுமுன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?