ஹாக்கர் சென்டரில் எதை நம்பி வாங்கலாம்?

மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிறேன். அங்கே ஹாக்கர் சென்டர் என்கிற உணவுக்கடை வளாகத்தில் சாப்பிட ஆசை. கோழி, மீன் சாப்பிடுவேன். பன்றியும் மாடும் ஆகாது. என்ன வாங்கலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

தாராளமாகச் சாப்பிடலாம், அம்மா. கடை முகப்பில் ஹலால் சான்றிதழ் தொங்கினால் பன்றிக் கவலை விட்டது. மாடு இருக்கலாம், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவனம் வேண்டியது சார் குவே தியாவ் விஷயத்தில். பார்வைக்கு அது முட்டையும் சிப்பியும் போட்டு வறுத்த நூடுல்ஸ்தான். ஆனால் சீனக் கடைகளில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் வறுப்பார்கள். ஆளை இழுக்கும் அந்த மணம் அதிலிருந்துதான் வருகிறது. ஹொக்கியன் மீ என்ற நூடுல்ஸின் சாற்றிலும் இறால் ஓட்டோடு பன்றி எலும்பு வெந்திருக்கும். இரண்டையும் ஹலால் கடையில் மட்டும் வாங்குங்கள்.

முதல் நாள் சிக்கன் ரைஸில் தொடங்குங்கள். இஞ்சி, பூண்டு, ரம்பை இலை சேர்த்துக் கோழிச் சாற்றில் வேகவைத்த சோறு. என் நாக்குக்குக் கோழியைவிட அந்தச் சோறே உசத்தி. அடுத்து லக்சா: தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், கூடவே காய்ந்த இறால் வாசம். நம் ஊர் ருசி தேடினால் லிட்டில் இந்தியாவின் தேக்கா சென்டரில் பிரியாணியும் புரோட்டாவும் கிடைக்கும்.

மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். நீங்களும் அப்படியே செய்யலாம். சாப்பிட்டதும் தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் அது சட்டம். ஹலால் தட்டுகளுக்குப் பல இடங்களில் தனி அடுக்கு உண்டு. சர்க்கரை இல்லாத கடுங்காப்பிக்கு ‘கோப்பி ஓ கோசோங்’ என்று கேளுங்கள்.