தென்கடற் கரையிற் செய்தி சென்ற வழி

பாண்டி நாட்டுக் கடற்கரையை முத்துக்காகவும் சங்குக்காகவும் கொற்கைத் துறைக்காகவும் புகழ்ந்தோர் பலர். அக்கரை வழியாகச் செய்தி சென்ற வரலாற்றை எடுத்துரைத்தோர் சிலரே. இதற்குக் காரணம் உண்டு. கோயிலைக் காணச் செல்வோர் கல்வெட்டைப் படிக்கலாம். கோட்டையைக் காணச் செல்வோர் மதிலை அளக்கலாம். செய்தி சென்ற இடங்களிலோ, கம்பியைக் கழற்றி எடுத்த பின்னர்க் கண்ணுக்குப் புலனாவது மிகச் சிறிது. ஆயினும் அவ்விடங்களும் நம் நாட்டுச் சரித்திரத்தின் பகுதியே. ஆதலின் புன்னக்காயலில் தொடங்கி, தூத்துக்குடி, தனுஷ்கோடி ஆகிய ஊர்களைக் கண்டு, குமரிமுனையில் முடியும் ஒரு சிறு யாத்திரையாக இக்கட்டுரை அமைகின்றது. வழிநெடுக நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: செய்தி யாரை விரைந்து அடைந்தது? யாரை அடையாது நின்றது?

புன்னக்காயல்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் புன்னக்காயல். ஆறு கொணரும் வண்டல் முகத்துவாரத்தில் படியப் படியக் கடல் ஒதுங்கிற்று. கொற்கை தன் கரையை இழந்தது. மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயலும் பின்னர்த் தன் துறையை இழந்தது. பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேசியர் தங்கும் துறையாகப் புன்னக்காயல் விளங்கிற்று. அந்நாளில் ஐரோப்பாவினின்று கடிதம் வருவதற்குப் பருவக்காற்றே துணை. லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கப்பல்கள் புறப்படும். வந்து சேர ஆறு திங்கள் அளவாகும். இக்கரையிலிருந்து எழுதிய ஒரு வினாவுக்கு விடை கிடைக்க ஓராண்டுக்கு மேலும் இரண்டாண்டு வரையிலும் செல்லும்.

கரையோரச் செய்தியோ ஆள்வழி சென்றது. சவேரியார் 1544ஆம் ஆண்டிலே மணப்பாடு, புன்னக்காயல், தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்து தம் உடன் ஊழியராகிய மன்சிலாஸ் என்பாருக்கு எழுதிய கடிதங்கள் பல இன்றும் உள்ளன. அவ்வாண்டு ஜூன் திங்களில், வடுகப் படைக்கு அஞ்சிய பரதவர் குமரிமுனையை அடுத்த பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். அச்செய்தி அறிந்த சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார். எதிர்காற்று தடுத்தது. துடுப்பு வலித்தும் பயனில்லை. முனையை அடைய மாட்டாமல் மணப்பாட்டுக்கே திரும்பினார். கரையிலிருந்தோர் செய்தியை அறிந்தனர். கடலில் இருந்தோருக்கு உதவி வருவதும் தெரியாது, வராததன் காரணமும் தெரியாது. இந்நிகழ்ச்சியை நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

இக்கரையில் அரை நூற்றாண்டு உழைத்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகள், 1578இல் கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சேற்றினார். அவர் இயற்றிய ‘அடியார் வரலாறு’ 1586இல் புன்னக்காயலிலே அச்சாயிற்று என்று ஆராய்ச்சியாளர் பலர் கூறுவர். ஓலை ஒருவர் கைக்கே செல்லும். அச்சுத்தாளோ ஒரே சொல்லைப் பல ஊர்களுக்கு ஒருங்கே கொண்டு சென்றது. தூரத்தை வெல்லும் கலையில் இதுவும் ஒரு படியாகும்.

தூத்துக்குடி

புன்னக்காயலினின்று வடக்கே சென்றால் தூத்துக்குடியை அடைவோம். துறைமுகத்தை அடுத்த முயல் தீவிலே கலங்கரை விளக்கம் நிற்கின்றது. இச்சொல் நமக்குப் புதிதன்று, சிலப்பதிகாரத்திலேயே ஆளப்பட்டிருப்பது. மீனவர் விளக்கை மட்டும் நம்புவாரல்லர். பகலில் கோயிற் கோபுரத்தையும் மாதா கோயில் உச்சியையும் தொலைவிலுள்ள மலையையும் அடையாளமாகக் கொண்டு தம் இடத்தை அறிவர். ஆனால் இவையெல்லாம் கரை கடலுக்குச் சொல்லும் செய்தி. கடலிலிருப்போன் மறுமொழி சொல்ல இவற்றில் வழியில்லை.

இனித் தந்தியின் கதைக்கு வருவோம். தந்தி என்னும் சொல் முதலில் யாழ், வீணை முதலியவற்றின் நரம்பைக் குறித்தது. பின்னர் மின்சாரம் ஓடும் கம்பிக்கும், அதன் வழி வந்த செய்திக்கும் பெயராயிற்று. 1839இல் கல்கத்தாவிலே ஓஷாக்னசி என்னும் மருத்துவர் கம்பி வழியே குறிப்பு அனுப்பிச் சோதனை செய்தார். 1850இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே முதல் தந்திப் பாதை அமைந்தது. 1855இல் பொதுமக்களும் பணம் செலுத்தித் தந்தி அனுப்பலாயினர். அதற்குள் சென்னையும் கம்பியால் இணைந்திருந்தது.

தூத்துக்குடி பருத்தித் துறை. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அந்நாட்டுப் பருத்தி தடைப்பட, திருநெல்வேலிப் பருத்தியின் விலை ஏறிற்று. போர் முடிய, விலையும் வீழ்ந்தது. 1870இல் சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய் வரை கடலடி வடம் இடப்பெற்றது. அவ்வாண்டின் இறுதியை ஒட்டிச் சென்னையிலிருந்து பினாங்குக்கும் வடம் இடப்பெற்றது. கப்பல் வரும்வரை வாரக்கணக்கிற் காத்திருந்த வணிகர், அதன்பின் இங்கிலாந்துச் சந்தை நிலையை விரைவில் அறியலாயினர். 1876இல் இருப்புப்பாதையும் தூத்துக்குடியை எட்டிற்று.

திருச்செந்தூரை அடுத்த காயாமொழியிற் பிறந்த சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையிலே தொடங்கிய நாளிதழுக்குத் ‘தந்தி’ என்று பெயரிட்டமையே, அச்சொல் மக்கள் மனத்தில் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். வணிகனுக்குத் தந்தி விலையைக் கொணர்ந்தது. சிற்றூர் மக்களுக்கோ பெரும்பாலும் சாவுச் செய்தியையே கொணர்ந்தது. தந்திச் சேவகன் தெருவில் நுழைந்தாலே அழுகுரல் எழுந்த காலம் உண்டு. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலைத் திங்களின் நடுவிலே முடிவுற்றது.

தனுஷ்கோடி

தூத்துக்குடியிலிருந்து கரை வழியே வடகிழக்காகச் சென்று பாம்பனைக் கடந்தால் தனுஷ்கோடி. இந்தியாவும் இலங்கையும் மிக நெருங்கும் இடம் இது. ஆகவே 1850களின் இறுதியிலேயே இந்நீரிணையைக் கடந்து தந்தி வடம் இடப்பட்டது. அதன் அமைப்பை அறிதல் நலம். நடுவே செப்புக் கம்பி. அதைச் சூழ, மலேயா நாட்டு மரத்துப் பாலினின்று எடுக்கும் கட்டப்பெர்ச்சா என்னும் பிசின். அதற்கு வெளியே இரும்புக் கம்பிகளாலான கவசம். கடல்நீர் உட்புகாமற் காத்தது அப்பிசினே. அது கிடைத்திராவிடில் அக்காலத்தில் கடலடித் தந்தி கைகூடியிராது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றதும் கொழும்பு செல்வோர் தனுஷ்கோடி வரை இரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்றனர். இரயில் நிலையமும் அஞ்சல் நிலையமும் கொண்ட நல்லூராக அது விளங்கிற்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த இரயில் பிரயாணிகளோடு அலைவாய்ப்பட்டது. அதிலிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கம்பிகள் அறுந்தமையால் நேர்ந்தது இன்னதென்று வெளியுலகம் உடனே அறியவில்லை. இரு நாடுகளின் செய்தியைக் கடத்திய ஊர், தன் அழிவைத் தானே சொல்ல மாட்டாமற் போயிற்று. இன்று அங்குக் காண்பன இடிந்த மாதா கோயிலும் சில சுவர்களுமே.

நீரிணை கடந்த வடத்தின் கதை அதனோடு முடியவில்லை. 2006இல் தூத்துக்குடியினின்று கொழும்பை அடுத்த கல்கிசைக்குக் கடலடி ஒளியிழை வடம் இடப்பெற்றது. அதன் நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல். மயிரினும் மெல்லிய கண்ணாடி இழையுள் ஒளித்துடிப்பாக ஓடுவது அதன் செய்தி. தந்தி ஒரு சொல்லை அனுப்பும் நேரத்தில் இது ஒரு நூலகத்தையே அனுப்ப வல்லது.

குமரிமுனை

இனி வந்த வழியே தெற்கு நோக்கித் திரும்பி, குமரிமுனைக்கு மேற்கேயுள்ள தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆகிய கடலோர ஊர்களுக்குச் செல்வோம். இவ்வூர் மீனவர் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிப்பவர். 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிமுனையை அடுத்துச் சென்றது. கரையிலிருந்தோர் எச்சரிக்கையைக் கேட்டனர். முன்னரே நெடுந்தொலைவு சென்றுவிட்ட படகுகளில் இருந்தோர்க்கு அது எட்டவில்லை. பலர் மாண்டனர், பலர் திரும்பவேயில்லை.

காரணம் யாது? நிலம் உருண்டை. கரையில் நிற்கும் கோபுரத்தினின்று புறப்படும் அலைபேசி அலையும், படகிலுள்ள சிறு வானொலிக் கருவியின் அலையும் ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வன. சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் கடலின் வளைவு அவற்றை மறைத்துவிடும். மத்திய அலை வானொலி இன்னும் தொலைவு எட்டும். இக்கரைப் படகுகளில் இலங்கை வானொலி கேட்டதும் அதனாலேயே. ஆனால் கலங்கரை விளக்கைப் போலவே அதுவும் ஒருவழிச் செய்தி. கேட்பவன் தன் துன்பத்தைச் சொல்ல அதில் வாயில் இல்லை.

இப்போது, நாம் நினைவில் வைத்த 1544ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை இதனோடு வைத்துப் பார்ப்போம். அன்றும் இன்றும் குமரிக்கடலே. அன்றும் இன்றும் கரையிலிருந்தோர் கடலிலிருந்தோரை நினைந்து வருந்தினர். இடையே 473 ஆண்டுகள் சென்றன. அச்சும் தந்தியும் கடலடி வடமும் ஒளியிழையும் வந்தன. கரைக்கும் கரைக்கும் இடையேயிருந்த தூரம் கண்ணிமைப் பொழுதாகச் சுருங்கிற்று. கரைக்கும் படகுக்கும் இடையேயுள்ள தூரம் அவ்வாறு சுருங்கவில்லை. வடம் இடுவோர் வணிகம் உள்ள இடத்துக்கே இடுவர். அலைமேல் நகரும் படகுக்கு வடம் இடவும் இயலாது. வானிற் செல்லும் செயற்கைக்கோளே அத்தூரத்தைக் கடக்கும் வழி. அதன் துணையால் இருபுறமும் செய்தி அனுப்பும் கருவிகளை விசைப்படகுகளிற் பொருத்தும் வேலை ஒக்கிக்குப் பின் தொடங்கியிருக்கின்றது. சிறு வள்ளத்திலே செல்பவனுக்கும் அது கிட்டுதல் வேண்டும்.

தமிழ் பயில்வோர்க்குத் தூது என்னும் இலக்கியவகை நன்கு தெரியும். நாரையைத் தூதுவிட்ட சத்திமுற்றப் புலவர், தம் வறுமையை ஊரிலிருக்கும் மனைவிக்குச் சொல்லி அனுப்பவே விரும்பினார். தொலைவிலிருப்பவன் தன் நிலையைத் தன்னவர்க்கு உரைத்தல்தான் தூதின் உயிர். அவ்வளவுகோலால் அளந்தால், நம் கடற்கரையின் செய்தி வரலாறு இன்னும் நிறைவு பெறவில்லை என்பது விளங்கும்.

விடுமுறையில் இக்கரைக்குச் செல்லும் மாணவர், பழைய தந்தி நிலையம் இருந்த இடத்தை முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தால் நலம். அவ்வாறே கரையில் வலை உலர்த்துவோரிடமும் சிறிது அமர்ந்து, கடலில் இருக்கும்போது வீட்டுச் செய்தி அவர்களுக்கு எவ்வாறு வருகின்றது என்று கேட்பாராக. பழைய வரலாற்றோடு, இனி எழுதப்பட வேண்டிய பகுதியும் அவர்கள் விடையிலே கிடைக்கும்.